அரண்மனையிலிருந்து ஒரு மாடு

— கையில கரண்டியோட இழுத்துட்டு வந்துட்டான் இந்த டிங். என்னங்க, அப்படி என்ன தலை போற அவசரம்? அடுப்புல ஆட்டுக்கறி கொதிச்சிட்டிருக்கு. அந்தப் பொண்ணுங்களை நம்பி விட்டா அடி பிடிச்சிடும்.

— உக்காரு, ருவோ.

— நின்னுட்டே கேக்கறேன். முதல்ல அந்தக் கிண்ணத்தைப் பத்திச் சொல்லுங்க. இருமல் கஷாயம்தானே? குடிச்சீங்களா, இல்ல வழக்கம்போல பூந்தொட்டிக்கு ஊத்தினீங்களா?

— குடிச்சேன்.

— முழுசாவா?

— ஒரு சொட்டு மிச்சம் வைக்கல.

— அதிசயந்தான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க ஒரு மருந்தை முழுசாக் குடிச்சு நான் பார்த்ததில்ல. ஊருக்கெல்லாம் முதல் மந்திரி, கசப்புன்னா மட்டும் கைக்குழந்தை. சரி, எதுக்குக் கூப்பிட்டீங்க?

— டிங், வாசல் மாடத்துல இருந்து நீ என்ன பார்த்தியோ அதை அம்மாகிட்டயும் சொல்லு.

— அம்மா, நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. காவல்காரன்னா மாடத்துல பனி ஏறாம பார்த்துக்கணும் இல்லீங்களா, அதான் மேல ஏறித் தள்ளிட்டிருந்தேன். அப்போ தெருமுனை வாசல் வழியா அரண்மனை ரதம் ஒண்ணு உள்ள வந்துச்சு. நாலு குதிரை. அதுக்குப் பின்னாடி ஒரு பார வண்டி. வண்டி நிறைய மது ஜாடி, வாய்க்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கு. அதுக்கும் பின்னாடி...

— ஏன்டா நிறுத்தற?

— ஒரு மாடு, அம்மா. நல்லாக் கொழுத்த மாடு. கொம்புல பட்டுக் கயிறு.

— குதிரை என்ன நிறம்?

— வெள்ளைங்கம்மா.

— நாலுமா?

— நாலும்.

— ருவோ, உக்காருன்னு நான் முதல்லயே சொன்னேன்.

— உக்காந்துட்டேன். டிங், இப்போ அவங்க எங்க வந்திருக்காங்க?

— வைக்கோல் கடை முக்குல, அம்மா. பார வண்டிச் சக்கரம் பள்ளத்துல இறங்கிடுச்சு. பனியில பள்ளம் எங்கே, மேடு எங்கேன்னு யாருக்குத் தெரியுது? ஆளுங்க தூக்கிட்டிருக்காங்க.

— போ. மேல ஏறி நின்னு பாரு. கிளம்பினதும் ஓடி வந்து சொல்லு. வழியில எவன்கிட்டயாவது வாயைத் திறந்தே, உன் நாக்கை நானே அறுத்துடுவேன்.

— நான் ஏம்மா திறக்கப் போறேன்.

— போயிட்டான். ஏதாவது பேசு, ருவோ. நீ பேசாம இருந்தா வீடே காலியா இருக்கு.

— பேசறேன். மூச்சு விட்டுக்கறேன். ஆக, அந்த நட்சத்திரம்.

— ஆமா, அந்த நட்சத்திரம்தான். செவ்வாய் நகராம சக்கரவர்த்தியோட நட்சத்திரத்து மேலயே நிக்குதுன்னு வானம் பார்க்கறவங்க சபையில சொன்னாங்க. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. சக்கரவர்த்தியைத் தேடி ஒரு கெடுதல் வந்தா, வழியில வேற ஒரு ஆளை நிறுத்தணும். முதல் மந்திரியை விட்டா வேற யாரு?

— ஏங்க, பனிக்காலம் தொடங்கினதுல இருந்து மேகம் விலகவே இல்லையே. நம்ம வீட்டு முற்றத்துல நிலாவைக்கூட நான் பார்க்கல. அவங்க மட்டும் எப்படிச் செவ்வாயைப் பார்த்தாங்க?

— பார்க்கச் சொன்னா பார்ப்பாங்க.

— நீங்க கேட்டிருக்கலாமே, சபையில.

— கேட்டா, உயிருக்குப் பயந்துட்டான்னு சொல்லுவாங்க. அது நிஜமும்தான். அதனால கேக்கல.

— கேட்டிருக்கணும். குதிரைக்காரன் மக நான், என் வாய்க்கு அங்க இடமில்ல. எனக்கு இடம் இருந்தா வானம் பார்க்கறவங்களை முற்றத்துல நிக்க வெச்சு, எங்கடா செவ்வாய், கையைக் காட்டுங்கடான்னு கேட்டிருப்பேன்.

— கேட்டிருப்பே. அதான் உன்னை சபைக்குக் கூட்டிட்டுப் போகல.

— சிரிப்பு வேற வருதா உங்களுக்கு?

— உன் முன்னாடி எனக்கு எப்பவும் வரும். வெளிய காட்டறதில்ல.

— இங்க பாருங்க. என் அண்ணன் இன்னும் மேற்கு மலையிலதான் இருக்கான். பின்வாசல் வழியா நீங்க கிளம்புங்க. கம்பளிக்குள்ள சுருண்டு படுத்துக்கங்க, விறகு வண்டியில ஏத்தி விடறேன். இங்க நான் தலையை விரிச்சுப் போட்டுட்டு அழறேன். முதல் மந்திரி போயிட்டார்னு சொல்லிடறேன். சவப்பெட்டியில கல்லைப் போட்டு மூடினா யாருக்குத் தெரியும்?

— களஞ்சிய அதிகாரி தூவை ஞாபகம் இருக்கா?

— அவன் வேட்டைக்குப் போனவன்.

— அவன் வேட்டைக்குப் போனான். அவன் தம்பி அரண்மனைக்குப் போய், அண்ணன் படுத்த படுக்கையா இருக்கார்னு சொன்னான். அவ்வளவுதான். ஒரு சின்னப் பொய். கிழக்குச் சந்தையில நிக்க வெச்சு மூணு குடும்பத்தையும் வெட்டினாங்க. அப்பன் வழி, ஆத்தா வழி, பொண்டாட்டி வழி.

— சமையல்காரியோட பால் குடிக்கிற குழந்தையைக்கூட விடல.

— விடல.

— அந்த உத்தரவுக்கு முத்திரை வெச்சது நீங்கதான்.

— நான்தான். சக்கரவர்த்திக்குப் பொய்ச் சேதி சொன்னா அதுக்கு இதுதான் தண்டனை, எந்த வீடா இருந்தாலும். முறைன்னு ஒண்ணு இருக்கு, ருவோ. ஊருக்கு ஒண்ணு, என் வீட்டுக்கு ஒண்ணுன்னு வைக்க முடியாது.

— உங்க முறையைத் தூக்கி அடுப்புல போட. நான் அன்னைக்குச் சாப்பிடல, தெரியுமா? நீங்க வந்து ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சீங்க.

— தெரியும். நீ சாப்பிடாததைப் பார்த்துட்டேதான் குடிச்சேன்.

— சரி, ஓடறது வேணாம், பொய்யும் வேணாம். நான் வேற ஒண்ணு கேக்கறேன். அந்தத் தூதன் வாசல்ல வந்து நின்னு என்ன சொல்லுவான்?

— சக்கரவர்த்தி உங்க உடம்பை விசாரிச்சார். நாட்டுக்காக ரொம்ப உழைச்சுட்டீங்க. நல்லாச் சாப்பிடுங்க, நல்ல மது குடிங்க, ஓய்வெடுங்க.

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணும் இல்ல. ரதத்துல ஏறித் திரும்பிடுவான். அவன் பாதி வழி போறதுக்குள்ள, முதல் மந்திரிக்கு உடம்பு சரியில்லைன்னு இந்த வீட்ல இருந்து ஆள் போகணும். அவன் அரண்மனையில இறங்கி வாயைத் திறக்கறதுக்குள்ள, முதல் மந்திரி போயிட்டார்னு சேதி வந்து சேரணும்.

— ஆனா சாகச் சொல்றது யாரு? எவனாவது வாயைத் திறந்து சொல்றானா? கேட்டுக்குங்க, மாடு குடுக்கறான், மது குடுக்கறான், சாப்பிடுங்கன்னு சொல்றான். ஊர்ல ஒருத்தன் விருந்துக்கு மாடு அனுப்பினா மத்தவங்க என்ன செய்வாங்க? அறுத்துச் சாப்பிடுவாங்க. நாமளும் அறுத்துச் சாப்பிடுவோம்.

— என்ன சொல்றே?

— நான் போய்ச் சிவப்புப் பட்டு கட்டிக்கறேன். வாசல்ல நானே போய் நிக்கறேன். பெரிய மனசு, பெரிய மனசுன்னு அந்தத் தூதன் கால்ல விழறேன். அவன் ரதம் திரும்பறதுக்குள்ள மாட்டை அறுத்துடணும். கசாப்புக்காரனை இப்பவே வரச் சொல்றேன். தெரு முழுக்கக் கூப்பிட்டுப் போடுவோம். எதிர் வீட்டு லுவான் தளபதிக்குப் பல்லு இல்லைன்னாலும் ஒரு சட்டி சாறு அனுப்புவோம். ஒரு தொடையை வறுத்து அரண்மனைக்கே திருப்பி அனுப்புவோம், சக்கரவர்த்தி புண்ணியத்துல நல்லாச் சாப்பிட்டோம்னு.

— நாளைக்கு?

— நாளைக்கு நீங்க பல்லு குத்திக்கிட்டே சபைக்குப் போறீங்க. ஏன் சாகலைன்னு எவன் கேப்பான்? கேக்கறவன்தான் வாயைத் திறந்து, உன்னைச் சாகச் சொன்னோமேன்னு சொல்லணும். அதைச் சொல்ல அங்க ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. சக்கரவர்த்திக்கும் கிடையாது.

— இத்தனை காலமா எந்த மந்திரிக்கும் இது தோணல.

— எந்த மந்திரியும் பொண்டாட்டிகிட்டக் கேட்டிருக்க மாட்டான்.

— நல்ல யோசனை, ருவோ. நிஜமாவே நல்ல யோசனை.

— அப்போ நான் கசாப்புக்காரனுக்கு ஆள் அனுப்பறேன்.

— கொஞ்சம் இரு. எனக்கு முன்னாடி இருந்தாரே ஷேன், அவரையும் நினைச்சுப் பாரு. அவருக்கு மாடு காலையில வந்துச்சு. பெத்தவங்க சமாதியைக் கும்பிட்டுட்டு வரேன், பேரனுக்குப் பேர் வெச்சுட்டு வரேன்னு சாயங்காலம் வரைக்கும் இழுத்தார். கடைசியில அவர் போனதும் போனார். ஆனா சொல்லாமலே புரிஞ்சுக்கல, சக்கரவர்த்தியைக் காக்க வெச்சுட்டார்னு பேர் வந்துடுச்சு. அவர் பிள்ளைங்க இன்னைக்கும் வடக்கு எல்லைச் சுவர்ல மண்ணு சுமக்குது. நமக்கும் ஷெங் இருக்கான்.

— ஷெங்கைச் சொல்லி என் வாயை அடைக்காதீங்க. அவனையும் சேர்த்துத்தான் சொல்றேன். அப்பன் இருந்தாத்தான் பிள்ளைக்குப் பலம்.

— அம்மா, அய்யா, சக்கரத்தை எடுத்துட்டாங்க. கிளம்பியாச்சு. மெதுவாத்தான் வர்றாங்க, பனி சாத்து சாத்துன்னு சாத்துது. எனக்கு மாடு எது, குதிரை எதுன்னே தெரியல.

— என்னது?

— எல்லாம் ஒரே வெள்ளையா இருக்குங்கம்மா. மாடுகூட வெள்ளைதான் இப்போ.

— டிங், கிட்ட வா. அந்த மாட்டை நீ முதல்ல பார்த்தப்போ என்ன நிறம்?

— அது... மேலெல்லாம் பனி, அம்மா. அப்பவும் வெள்ளையாத்தான் இருந்துச்சு.

— அப்போ நீ பார்த்தது குதிரையோட நிறமா, பனியோட நிறமா?

— நான் பார்த்ததைத்தான் சொன்னேன். கூட்டியும் சொல்லல...

— குறைச்சும் சொல்லல, தெரியும். அட மடப்பயலே, பனி பெய்யறப்போ இந்தச் சாங்ஆன் நகரத்துல ஓடற அத்தனை குதிரையும் வெள்ளைதான். எங்கப்பா கிழட்டுச் சாம்பல் குதிரையை எல்லாம் பனி நாள்ல சந்தைக்குக் கொண்டு போய் வெள்ளைக் குதிரைன்னு வித்திருக்கார். விவரம் தெரிஞ்சவன் குனிஞ்சு வயித்தைப் பார்ப்பான். வயித்துல பனி விழாது. ஓடு, போய் வயித்தைப் பார்த்துட்டு வா. பக்கத்துல போய்ப் பாரு, ரதத்தை வேடிக்கை பார்க்கற மாதிரி நில்லு, ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்.

— இதோ, அம்மா.

— கேட்டீங்களா? சாவு மாடு கொண்டு வர்ற ரதத்துக்கு நாலும் அசல் வெள்ளையா இருக்கணும். அதுதானே உங்க முறை? ஒரே அளவுல நாலு அசல் வெள்ளை கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். மத்த நாள்ல கண்ட குதிரையும் பூட்டுவாங்க. மாடும் மதுவும் மரியாதைக்கும் குடுக்கறதுதானே. பிள்ளை பொறந்தா குடுப்பான், சண்டையில ஜெயிச்சா குடுப்பான்.

— வயித்தைப் பார்க்கணும்னு எனக்குத் தெரியாதே, ருவோ.

— உங்களுக்கு எங்க தெரியும். நொண்டிக் குதிரையைக் காசு குடுத்து வாங்கிட்டுப் போன ஆள்தானே நீங்க.

— அந்தக் கதையைச் சொல்லு.

— இப்போ எதுக்கு அது?

— டிங் வர்ற வரைக்கும் சொல்லு. உன் கையைக் குடு.

— என்ன இது, கை இப்படிச் சில்லுனு இருக்கு? கணப்புச் சட்டிக்கிட்ட நகந்து உக்காருங்க. பயமா இருக்கா?

— இல்ல. உதடுதான் மரத்துப் போச்சு. காலைக் கஞ்சியில மிளகு அதிகமோ?

— ஷூ நாட்டு மிளகுன்னா வாய் மரத்துத்தான் போகும், ஆனா நாலே நாலுதான் போட்டேன். நாக்கு உங்களுக்கு வயசாக வயசாகப் பொண்ணு நாக்கு மாதிரி ஆகுது. கதைதானே, கேளுங்க. வெளியூர்ல இருந்து புதுசா ஒரு எழுத்தர் வந்தார். தலையில தொப்பி கோணலா இருந்துச்சு. எங்கப்பா அவர் தலையில ஒரு நொண்டியைக் கட்டிட்டார். மறுநாள் அந்தக் குதிரையைக் கையில பிடிச்சுட்டு, பனியில அத்தனை தூரம் நடந்தே வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கார்னு எங்கண்ணன் தடியை எடுத்துட்டு நிக்கறான். அவர் வந்து, ஐயா, இந்தக் குதிரைக்குக் கால் வலிக்குது, மருந்து எங்க கிடைக்கும்னு கேட்டார்.

— கேட்டேன்.

— நான் திரைக்குப் பின்னாடி இருந்து சிரிச்சுட்டேன். இப்படி ஒரு ஏமாளியைத் தனியா விட்டா ஊர்ல பிச்சுத் தின்னுடுவாங்கன்னு நினைச்சேன். அதுக்காகத்தான் கட்டிக்கிட்டேன், வேற ஒண்ணும் இல்ல.

— பிச்சுத் தின்னாம இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டே.

— இன்னும் பார்த்துக்குவேன். அந்தக் குதிரை அப்புறம் எத்தனை வருஷம் ஓடுச்சு நம்மகிட்ட.

— ஷெங்கைச் சுமந்துட்டுப் போச்சு, பள்ளிக்கூடத்துக்கு.

— உங்க குரல் ஏன் குழறுது? ராத்திரி சரியாத் தூங்கலையா?

— அம்மா, அம்மா, பார்த்துட்டேன்.

— மூச்சு வாங்கிட்டுச் சொல்லு.

— வயித்தைப் பார்த்தேன், அம்மா. ஒண்ணு கறுப்பு. ரெண்டு செம்பட்டை. ஒண்ணு என்ன நிறம்னே தெரியல, சாணி நிறம்.

— அப்புறம்?

— நம்ம வாசல் பக்கம் திரும்பவே இல்ல. எதிர் வீட்ல நிக்குது. லுவான் தளபதிக்கு இன்னைக்கு எண்பது வயசாம், அம்மா. சக்கரவர்த்தி மரியாதை பண்ணி அனுப்பியிருக்காராம். கிழவர் வாசல்ல மண்டி போட்டுட்டு அழறார். எழுந்திருக்க முடியல, ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கறாங்க.

— நிஜமாவா?

— நான் பார்த்ததைத்தான்...

— டிங், நீ நல்லா இருக்கணும்டா. உன் நாக்கை அறுப்பேன்னு சொன்னேனே, அந்த வாயில நெருப்பை வைக்க. உனக்கு ஒரு குடம் மது இன்னைக்கு. என்னங்க, கேட்டீங்களா? எண்பது வயசு. பல்லு இல்லாத கிழவனுக்கு ஒரு மாடு. அய்யோ, எனக்கு அழுகையும் வருது சிரிப்பும் வருது. ஏன் இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? இந்த மாடு நமக்கு இல்லீங்க.

— டிங், நீ கொஞ்சம் வெளிய நில்லு.

— அவன் எதுக்கு வெளிய நிக்கணும்? நல்ல சேதி கொண்டு வந்தவன்.

— ருவோ. அது இருமல் கஷாயம் இல்ல.

— எது?

— நட்சத்திரத்தைப் பத்திச் சொன்ன அன்னைக்கே வசநாவிங்கற விஷக் கிழங்கை வாங்கி வெச்சேன். டிங் முதல்ல ஓடி வந்து, மாடு, வெள்ளைக் குதிரைன்னு சொன்னான் இல்லையா? அவன் உன்னைக் கூப்பிட சமையல்கட்டுக்கு வந்தானே, அந்த நேரத்துல கரைச்சுக் குடிச்சுட்டேன்.

— விளையாடாதீங்க.

— ஷேன் மாதிரி இழுக்கக் கூடாதுன்னு நினைச்சேன். சீக்கிரம் முடிச்சா ஷெங்குக்கு நல்லதுன்னு நினைச்சேன்.

— நான் வந்து இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினேனே. கசாப்புக்காரன், சிவப்புப் பட்டு, பல்லு குத்திக்கிட்டே சபைக்குப் போங்கன்னு... அதெல்லாம் கேட்டுக்கிட்டு...

— நீ பேசறதைக் கேட்டுட்டே போகணும்னு ஆசைப்பட்டேன். தப்புதான்.

— டிங். டிங், ஓடி வா. கல்லுப்பு கரைச்சு வெந்நீர் கொண்டு வா, ஒரு பெரிய சட்டி நிறைய. வாத்து இறகு ஒண்ணு எடுத்துட்டு வா. அய்யா எதையோ தப்பாக் குடிச்சுட்டார். ஏன்டா முழிக்கற, ஓடு. நீங்க குனிங்க. என் மடியில தலையை வைங்க. விஷம் குடிச்ச குதிரைக்கெல்லாம் எங்கப்பா உப்புத் தண்ணி குடுத்துப் பிழைக்க வெச்சிருக்கார். கேட்டுக்குங்க, குதிரையே பிழைக்கும். நீங்க எம்மாத்திரம். வாந்தி எடுத்தா எல்லாம் வந்துடும். சாயங்காலம் எழுந்து கஞ்சி குடிப்பீங்க.

— ருவோ, பொறு.

— பொறுக்கறதுக்கு என்ன இருக்கு? பேசாதீங்க, மூச்சு வீணாகுது.

— ஷெங் எங்கேன்னு கேளு.

— அவன் எதுக்கு இப்போ? படிச்சிட்டிருப்பான். இல்ல குதிரை லாயத்துல இருப்பான்.

— லாயத்துல குதிரையும் இல்ல, அவனும் இல்ல. கிண்ணத்தைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே அவனைப் பின்வாசல் வழியா அரண்மனைக்கு அனுப்பிட்டேன்.

— எதுக்கு?

— தூதன் நம்ம வாசல்ல வந்து நிக்கறதுக்கு முன்னாடியே சேதி அங்க இருக்கட்டும்னு. முதல் மந்திரி சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டார்னு சக்கரவர்த்தி மனசுல பதியட்டும்னு.

— என்ன சேதி?

— காலையில உடம்பு சரியில்லாம போய், அப்பா இறந்துட்டார்னு.

— ஷெங் சொல்லியிருப்பானா? அவன் பயந்த பையன். தயங்கி நின்னிருப்பான். டிங்கை அனுப்பிப் பிடிச்சுட்டு வரச் சொல்றேன்.

— அரண்மனை வாசல் எவ்வளவு தூரம்? நீ நொண்டிக் குதிரைக் கதை சொன்னப்பவே அவன் உள்ள போயிருப்பான். என் பிள்ளை அவன். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துல செய்வான்.

— அதனால என்ன? ஏதோ பதட்டத்துல சொல்லிட்டான், அப்பா பிழைச்சுட்டார்னு சொல்லுவோம். செத்துப் பிழைச்சவங்க இல்லையா உலகத்துல? எதிர் வீட்டு மாட்டைப் பார்த்து ஏமாந்துட்டோம்னு... ஏன் என்னை அப்படிப் பார்க்கறீங்க?

— களஞ்சிய அதிகாரி தூவோட தம்பியும் பதட்டத்துலதான் சொன்னான்.

— அதை என்கிட்டச் சொல்லாதீங்க.

— நான் பிழைச்சு எழுந்தா, ஷெங் சொன்னது பொய்ச் சேதி. நான் வெச்ச முத்திரை, ருவோ. ஷெங், அவன் பொண்டாட்டி, அவ வயித்துல இருக்கறது, உன் அண்ணன் வீடு, டிங் வரைக்கும்.

— நீங்க வாயை மூடுங்க. வாயை மூடிட்டு என் கையைப் பிடிச்சுக்கங்க.

— பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். பிடிச்சிருக்கறது தெரியல, அவ்வளவுதான்.

— அம்மா, உப்புத் தண்ணி. சூடா இருக்கு, பார்த்து. இறகும் இருக்கு. அம்மா, இன்னொண்ணு. தெருமுனையில வேற ஒரு வண்டி வருது. மாடு இல்ல, ஜாடி இல்ல. நீளமா ஒரு பெட்டி, மேல துணி போர்த்தியிருக்கு. சின்ன அய்யா முன்னாடி குதிரையில வர்றார், தலையில தொப்பி இல்ல, துக்கக் கோலம்.

— குதிரை?

— தண்ணி சூடாகறதுக்குள்ள தெருவுக்கு ஓடி, இந்த வாட்டி நானே குனிஞ்சு வயித்தைப் பார்த்தேன், அம்மா. நாலும் வெள்ளைதான்.

— இவ்வளவு சீக்கிரம் எப்படிங்க பெட்டி செஞ்சாங்க?

— செஞ்சு வெச்சிருந்திருப்பாங்க. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு மாடு நம்ம வீட்டுக்கு வந்திருக்கும்.

— நாளைக்கு வந்தா நாளைக்குப் பார்த்திருப்பேனே. நாளைக்கு நான் உங்களைச் சாக விட்டிருப்பேனா?

— விட்டிருக்க மாட்டே. அதான் உன்கிட்டக் கேக்கல.

— அம்மா, வண்டி வாசல்ல நின்னுடுச்சு. அதிகாரி இறங்கறார். அய்யா எப்போ போனார்னு கேக்கறார், நான் என்ன சொல்ல? தண்ணி வேற ஆறிட்டிருக்கு.

— டிங்குக்குப் பதில் சொல்லு, ருவோ.

— தண்ணியைக் கீழ கொட்டுடா, டிங். அய்யா காலையிலயே போயிட்டார், அம்மா பக்கத்துலயே இருந்தாங்கன்னு சொல்லு. உடம்பைக் கழுவிட்டிருக்கேன், உள்ள வர்றதுக்குக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கச் சொல்லு.